இறைச்சிக் கோழிக் குஞ்சுகளின் வளர்ச்சியும் துணைச்சத்துக்களும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர், ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களிற் கைச்செலவுக்குப் பணம் தேடும்பொருட்டு ஐம்பது அல்லது நூறு இறைச்சிக் கோழிக் குஞ்சுகளை வாங்கி வளர்க்கின்றனர். ஒரு நாட் குஞ்சு ஐந்து அல்லது ஆறு வாரங்களில் விற்பனைக்கு ஆயத்தமாகின்றமையால், இட்ட முதல் விரைவிற் கைக்குத் திரும்புகின்றது. ஆனால் அம்முதலிற் பெரும்பங்கு தீனுக்கே செலவாகின்றது. தீன் விலை உயரும்போது கமக்காரர் இரண்டு வழிகளை நாடுவதுண்டு. ஒன்று, வாங்கிய தீனுடன் வீட்டுத் தவிட்டைக் கலந்து பெருக்குதல். மற்றையது, அதனாற் குன்றிய வளர்ச்சியை ஈடுசெய்வதற்குக் கடையில் விற்கும் போத்தல் மருந்துகளையும் தூள்களையும் தண்ணீரிற் கலந்து கொடுத்தல். இவ்விரண்டினாலும் இலாபம் குறைவதேயன்றிக் கூடுவதில்லை. துணைச்சத்து என்பது யாது, அது எப்போது பயன்தரும், எப்போது பயன்தராது என்பன கீழே விளக்கப்படுகின்றன.

1. குஞ்சு வளரும் வேகம்

பொரித்தவுடன் ஏறத்தாழ 40 கிராம் நிறையுள்ள இறைச்சிக் கோழிக் குஞ்சு, நன்கு பராமரிக்கப்படின், ஏழு நாளில் அதனிலும் நான்கு மடங்கு நிறையை அடைகின்றது. ஐந்தாம் வார முடிவில் ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையாகின்றது. இவ்வேகத்தைக் கண்டு, இக்கோழிகளுக்கு ஓமோன் ஊட்டப்படுகின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்குகின்றது. 1957ஆம் ஆண்டிலிருந்து தெரிவு செய்யப்படாது பேணப்பட்ட இனத்தையும், 1978ஆம் ஆண்டிலிருந்து அவ்வாறு பேணப்பட்ட இனத்தையும், 2005ஆம் ஆண்டின் வர்த்தக இனத்தையும் அவர்கள் ஒரே தீன் கொடுத்து வளர்த்தனர். 56ஆம் நாளில் முதலாவது இனம் 905 கிராமும், இரண்டாவது 1808 கிராமும், மூன்றாவது 4202 கிராமும் சராசரி நிறையுடையனவாயிருந்தன. தீன் ஒன்றேயாயினும் நிறை நான்கு மடங்குக்கு மேல் வேறுபட்டமைக்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக வேகமாக வளரும் கோழிகளைத் தெரிந்து இனம்பெருக்கியமையே.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டியது யாதெனின், வேகமாக வளரும் ஆற்றல் குஞ்சினுள்ளேயே இருக்கின்றது என்பதாகும். எந்தத் தூளும் அதனைப் புதிதாக உண்டாக்குவதில்லை. தீன் அவ்வாற்றலுக்கு இடங்கொடுக்கலாம், அல்லது தடை செய்யலாம். நாட்டுக்கோழிக் குஞ்சு குறைவான தீனிலும் மெதுவாக வளர்ந்து பிழைத்துக்கொள்ளும். வேகமாக வளரும் இனமோ சத்துக் குறைவை விரைவிற் காட்டிவிடும்; கால் வளையும், இறகு குன்றும், நிறை நின்றுவிடும்.

2. மிகக் குறைந்த சத்தே வளர்ச்சியை வரையறுக்கும்

வயலில் நீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பது வரம்பின் மிகத் தாழ்ந்த இடத்தைப் பொறுத்தது. மற்றைய இடங்களில் வரம்பை இரண்டு முழம் உயர்த்தினாலும், ஓரிடத்தில் உடைப்பு இருப்பின் நீர் அதன்வழியே ஓடிவிடும். குஞ்சின் வளர்ச்சியும் இத்தகையதே. மாப்பொருள், கொழுப்பு, புரதம், தாதுப்பொருட்கள், உயிர்ச்சத்துக்கள் (விற்றமின்கள்), நீர் ஆகிய யாவும் வேண்டும். இவற்றுள் எது தேவைக்கு மிகக் குறைவாயுள்ளதோ, அதன் அளவே வளர்ச்சியின் அளவாகும். குறைந்த சத்தைச் சேர்த்தால் வளர்ச்சி உயரும். ஏற்கெனவே போதியதாயுள்ள சத்தை மேலும் சேர்ப்பது, உடைப்பை விட்டு உயர்ந்த வரம்பில் மண் போடுவதற்கு ஒப்பாகும்.

துணைச்சத்து என்பது இந்த உடைப்பை அடைக்கும் மண் ஆகும். ஆகவே அதனை வாங்குமுன், உடைப்பு எங்கே உள்ளது என அறிதல் வேண்டும்.

3. தவிடு கலந்த தீனிற் குறைவது எது?

குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரங்களுக்குக் கொடுக்கும் தொடக்கத் தீனில் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பங்கு புரதம் உள்ளது. நல்ல அரிசித் தவிட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 12 பங்கு உள்ளது. மூன்று பங்கு தீனுடன் ஒரு பங்கு தவிடு கலந்தால், கலவையின் புரதம் நூற்றுக்கு 19.5 ஆகக் குறையும். பாதிக்குப் பாதி கலந்தால் 17 ஆகக் குறையும். புரதம் மாத்திரமன்று, தீனுடன் ஆலையிற் சேர்த்த உயிர்ச்சத்துக்களும் தாதுப்பொருட்களும் அதே வீதத்தில் ஐதாகின்றன. தவிட்டில் உமி கலந்திருப்பின் குறைவு இன்னும் பெரிதாகும். உமியிற் குஞ்சுக்குப் பயன்படும் சத்து இல்லை.

இக்குறையைப் போத்தல் மருந்தால் நிரப்ப இயலுமா எனக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் வாரத்தில் ஒரு குஞ்சு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் தீன் உண்டு, 100 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும். மேலே கூறிய மூன்றுக்கொன்று கலவையில், 100 கிராம் தீனுக்கு 2.5 கிராம் புரதம் குறைகின்றது. ஆகவே குஞ்சுக்கு நாளொன்றுக்கு 1.25 கிராம் புரதம் குறையும். போத்தல் மருந்தை ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 மில்லிலீற்றர் வீதம் கலந்தால், குஞ்சின் வயிற்றினுட் செல்வது 0.1 மில்லிலீற்றரே. அது முழுவதும் புரதமேயாயினும் 0.1 கிராமளவே ஆகும். குறைந்ததிற் பன்னிரண்டில் ஒரு பங்கும் நிரம்பவில்லை. போத்தலின் விலைக்குத் தீனையே வாங்கியிருப்பின் குஞ்சு வளர்ந்திருக்கும்.

ஆதலின் முதல் மூன்று வாரங்களுக்கு நல்ல தொடக்கத் தீனை எதுவும் கலவாது கொடுத்தல் வேண்டும். இக்காலத்தில் ஒரு குஞ்சு உண்பது ஒரு கிலோகிராமைச் சற்றே தாண்டும். ஐந்து வாரத் தீனில் அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இங்கே சிக்கனம் பார்ப்பது பின்னர் ஈடுசெய்ய இயலாத நட்டமாகும். முட்டையிடும் கோழிகளுக்குரிய தீனைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தலும் தவறு. அதிலுள்ள மிகையான கல்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

4. புரதமும் அமினோவமிலங்களும்

புரதம் என்பது ஒரே பொருளன்று. பல அமினோவமிலங்கள் சேர்ந்தது. குஞ்சின் தீனிற் பெரும்பாலும் குறைவன மெதியோனீன், இலைசீன் என்னும் இரண்டுமாம். ஒரு பொருளிற் குறைந்ததை மற்றொரு பொருளால் நிரப்பலாம்.

தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு புரதம் உண்டு. ஆனால் இலைசீன் குறைவு, நார் அதிகம். எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனீன் அதிகம், இலைசீன் குறைவு. சோயா அவரைப் புண்ணாக்கில் இலைசீன் அதிகம், மெதியோனீன் குறைவு. மீன் தூளில் இரண்டும் நிறைய உண்டு. ஆகவே சோயாவுடன் சிறிது எள்ளுப் புண்ணாக்கோ மீன் தூளோ சேர்வது நன்று. எதனையும் தனியே நம்புதல் நன்றன்று. சோயா அவரையைப் பச்சையாக அரைத்துக் கொடுத்தலாகாது. அதிற் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் உண்டு, அது சூட்டினால் அழியும். மீன் தூள் எனக் கருவாட்டுக் கழிவை வாங்குவோர் உப்பைக் கவனித்தல் வேண்டும். மிகையான உப்பு எச்சத்தை நீராக்கி, கூளத்தை நனைத்து, குஞ்சுகளைக் கொல்லவும் கூடும்.

தூளாக விற்கப்படும் மெதியோனீன் உண்மையாகவே பயன்தரும் துணைச்சத்துக்களுள் ஒன்று. சோளமும் சோயாவும் அடிப்படையான தீனில் அது பெரும்பாலும் குறைகின்றமையே அதற்குக் காரணம். ஆயினும் அது ஆலையிற் செய்த முழுத் தீனில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். தாமே தீன் கலப்பவருக்கே அது வேண்டப்படும்.

5. உயிர்ச்சத்துக்கள்

உயிர்ச்சத்துக்களைப் பற்றிய அறிவு கோழியிலும் தவிட்டிலுமே தொடங்கிற்று எனலாம். 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், யாவாவிலுள்ள பட்டாவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) கிறித்தியான் எயிக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசிச் சோறு உண்ட கோழிகள் கால் விளங்காது விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை குணமடைவதையும் கண்டார். தீட்டும்போது நீங்கிய தவிட்டிலேயே அந்நோயைத் தடுக்கும் பொருள் இருந்தது. அதுவே இன்று தயமின் எனப்படும் விற்றமின் பி1. இவ்வாராய்ச்சிக்காக அவர் 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெல்லாலையிற் கழிவெனத் தள்ளப்படும் தவிடு, இவ்வாறு உலகுக்கு ஒரு பெரிய உண்மையைக் கற்பித்தது.

எயிக்மனின் கோழிகள் குணமடைந்தமை, அவற்றுக்குக் குறைந்ததே கொடுக்கப்பட்டமையால். விற்றமின் ஒவ்வொன்றும் தனக்குரிய குறையை மாத்திரமே தீர்க்கும். குஞ்சுகளிற் காணப்படும் சில குறிகள் வருமாறு:

(அ) கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, கணுக்காலில் ஊன்றி நடத்தல்: இரைபோபிளேவின் (விற்றமின் பி2) குறைவு.

(ஆ) கால் எலும்பு மென்மையாகி வளைதல், அலகு இறப்பர்போல் வளைதல்: விற்றமின் டி, கல்சியம், பொசுபரசு ஆகியவற்றின் குறைவு.

(இ) கணு மூட்டு வீங்கி, குதித்தசைநார் நழுவி, கால் பக்கவாட்டில் திரும்புதல்: மங்கனீசு அல்லது சில பி விற்றமின்களின் குறைவு.

(ஈ) தலை பின்னோக்கி முறுகி, தள்ளாடி விழுதல்: விற்றமின் ஈ அல்லது தயமின் குறைவு. இக்குறி இராணிக்கெற் நோயிலும் தோன்றுமாதலால், கால்நடை வைத்தியரிடம் உடனே காட்டுதல் வேண்டும்.

தவிட்டிலே பி விற்றமின்கள் பல உண்டு. ஆனால் விற்றமின் ஏயும் டியும் இல்லை. பி12 தாவரப் பொருட்கள் எதிலும் இல்லை. மேலும் தவிட்டின் எண்ணெய், தீட்டிய சில நாட்களிலேயே காறலெடுக்கத் தொடங்கும். காறிய எண்ணெய் விற்றமின் ஈயை அழிக்கும். ஆகவே தவிட்டைப் புதிதாக வாங்கி, விரைவிற் பயன்படுத்துதல் வேண்டும். காறல் மணமுள்ள தவிட்டுக்கு எவ்விதத் துணைச்சத்தும் மருந்தாகாது.

முழுத் தீன் உண்ணும் குஞ்சுகளுக்கு விற்றமின் நீர் நாள்தோறும் வேண்டியதில்லை. நெடுந்தூரம் கொண்டுவரப்பட்ட முதலிரண்டு நாட்களிலும், நோயால் தீன் குறைந்த நாட்களிலும் அதனைக் கொடுக்கலாம். கடும் வெப்ப நாட்களில் முதலில் வேண்டியன குளிர்ந்த தண்ணீர், நிழல், காற்றோட்டம் என்பனவே.

6. தாதுப்பொருட்கள்

தவிட்டிற் பொசுபரசு மிகுதியாக உண்டு எனினும், அதிற் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் உருவில் அடைபட்டுள்ளது. கோழியின் குடலுக்கு அதனைத் திறக்கும் ஆற்றல் போதாது. அது கல்சியத்தையும் நாகத்தையும் தன்னுடன் பிடித்துக்கொண்டு எச்சத்தில் வெளியேறும். இதனைத் திறக்கும் பைற்றேசு என்னும் நொதியம் 1991ஆம் ஆண்டு முதல் சந்தையில் விற்கப்பட்டு வருகின்றது. தவிடு சேர்ந்த தீனுக்கு அது பொருத்தமான துணைச்சத்தாகும். அது கிடையாவிடத்து, இருகல்சியம் பொசுபேற்றைச் சிறிதளவு சேர்த்தல் வேண்டும். கல்சியத்துக்குச் சிப்பித் தூள் போதும்.

எச்சத்தில் வெளியேறும் பொசுபரசும் நைதரசனும் வீணாவதில்லை. உமி பரப்பிய ஆழ்கூளத்திற் படிந்து, நன்கு மக்கியபின் மரக்கறிப் பாத்திகளுக்கு அவை உரமாகும்.

7. நான்காம் வாரம் முதல் வீட்டிற் கலக்கக்கூடிய தீன்

தொடக்கத் தீனை விலக்கிய பின், வீட்டுத் தவிட்டை அளவோடு பயன்படுத்தலாம். 100 கிலோகிராம் கலவைக்கு வேண்டியன:

சோளம் (உடைத்தது) – 58 கிலோ
சோயா அவரைப் புண்ணாக்கு – 20 கிலோ
புதிய அரிசித் தவிடு, உமி நீங்கியது – 12 கிலோ
மீன் தூள், உப்புக் குறைந்தது – 5 கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு – 3 கிலோ
சிப்பித் தூள் – 900 கிராம்
இருகல்சியம் பொசுபேற்று – 500 கிராம்
விற்றமின் தாதுக் கலவை – 250 கிராம்
உப்பு – 250 கிராம்
மெதியோனீன் – 100 கிராம்

இக்கலவையிற் புரதம் ஏறத்தாழ நூற்றுக்கு 19 பங்காகும். விற்றமின் தாதுக் கலவையின் அளவு, பொதியிற் குறித்ததற்கேற்ப மாறலாம். சிறிய அளவான பொருட்களை நேரே குவியலிற் கொட்டினால், சில குஞ்சுகளுக்கு மிகையாகவும் சிலவற்றுக்கு இல்லாமலும் போகும். அவற்றை முதலில் ஒரு கிலோ சோள மாவுடன் கலந்து, பின்னர் பத்துக் கிலோவுடன் கலந்து, இறுதியில் முழுக் குவியலுடன் கலத்தல் வேண்டும். பழைய தீனிலிருந்து புதிய தீனுக்கு மூன்று நான்கு நாட்களிற் படிப்படியாக மாற்றுதல் நன்று.

பூசணம் பிடித்த சோளமும் புண்ணாக்கும் கழிக்கப்படல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தமைக்குக் காரணம், பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த நஞ்சே எனக் கண்டறியப்பட்டது. அபிளாடொக்சின் எனப் பெயர்பெற்ற அந்நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சிறிய அளவிலும் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். வெயிலில் உலர்த்துவதாலோ வறுப்பதாலோ அது முற்றாக நீங்குவதில்லை.

8. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் துணைச்சத்தாகா

வளர்ச்சி மருந்து எனப் பெயரின்றிப் பொட்டலத்தில் விற்கப்படும் தூள்களுள் நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருத்தல் கூடும். இவ்வழக்கத்தின் வரலாற்றைக் கமக்காரர் அறிதல் நன்று. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் யூக்சு, இசுரொக்சுராட் என்னும் ஆராய்ச்சியாளர், நுண்ணுயிர்க்கொல்லி தயாரித்த எச்சத்தை உண்ட குஞ்சுகள் விரைந்து வளர்வதைக் கண்டனர். அதன்பின் அது பல நாடுகளில் தீனுடன் சேர்க்கப்பட்டது. அழுக்கான பழைய கொட்டில்களில் அதனால் விளைந்த நன்மை அதிகமாகவும், சுத்தமான கொட்டில்களிற் குறைவாகவும் இருந்தமை அக்காலத்திலேயே அவதானிக்கப்பட்டது. மருந்து செய்ததிற் பெரும்பகுதியைத் துடைப்பமும் சுண்ணாம்பும் உலர்ந்த கூளமும் செய்யும் என்பதே இதன் பொருள்.

சிறிய அளவில் நாள்தோறும் கொடுக்கப்படும் மருந்துக்கு நோய்க்கிருமிகள் பழகிவிடுகின்றன. பழகிய கிருமி, கொட்டிலிலிருந்து கையிலும், இறைச்சியிலும், எருவிலும் வீட்டுக்குள் வரும். பின்னர் பிள்ளைக்கு வயிற்றோட்டமோ புண்ணோ உண்டாகும்போது, ஆசுப்பத்திரியிற் கொடுக்கும் அதே மருந்து வேலை செய்யாது போகலாம். இவ்வபாயத்தைக் கருதி சுவீடன் 1986ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனிற் சேர்ப்பதை முற்றாக நிறுத்தியது.

நோயுற்ற கோழிகளுக்குக் கால்நடை வைத்தியர் விதித்த மருந்தை, விதித்த அளவில், விதித்த நாள்வரை கொடுத்தல் வேண்டும். மருந்தை நிறுத்தியபின் விதித்த காத்திருப்பு நாட்கள் கழியும்வரை கோழிகளை இறைச்சிக்கு விற்றலாகாது. உள்ளடக்கம் எழுதப்படாத எந்தப் பொட்டலத்தையும் வாங்குதல் தவறு.

உள்ளி, மஞ்சள், கருஞ்சீரகம், நன்மை பயக்கும் நுண்ணுயிர்கள் ஆகியவை குறித்தும் பல ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தீன் குறைவாயின் அவை அதனை நிரப்பமாட்டா.

9. துணைச்சத்தைத் தாமே சோதித்தல்

விற்பவர் சொல்லை நம்பவும் வேண்டியதில்லை, தள்ளவும் வேண்டியதில்லை. ஒரு தராசும் ஒரு கொப்பியும் இருந்தால் கமக்காரர் தாமே அறியலாம்.

ஒரே நாளில் வந்த நூறு குஞ்சுகளை ஐம்பது ஐம்பதாக இரண்டு அறைகளில் விடுக. பிடிக்கும்போது முதலிற் கைக்கு அகப்படுவன பெரும்பாலும் மெலிந்தனவாகையால், முதல் ஐம்பதை ஓரறையிலும் அடுத்த ஐம்பதை மற்றதிலும் விடாது, ஒன்றை இங்கும் ஒன்றை அங்குமாக மாறிமாறி விடுக. தீன், தண்ணீர், வெளிச்சம், கூளம் யாவும் இரண்டறைக்கும் ஒன்றாயிருக்க, சோதிக்கும் பொருளை ஓரறைக்கு மாத்திரம் கொடுக்க. வாரந்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுக. கொடுத்த தீனையும் இறந்த குஞ்சுகளையும் எழுதுக.

முடிவில், உண்ட தீனின் நிறையைக் கோழிகளின் மொத்த நிறையால் வகுத்தால், ஒரு கிலோ கோழிக்குச் சென்ற தீனின் அளவு வரும். நன்கு வளர்ந்த தொகுதியில் அது 1.6 முதல் 1.8 வரை இருக்கும். இவ்வெண் 0.1 குறைந்தால், 2 கிலோ நிறையுள்ள நூறு கோழிகளில் 20 கிலோ தீன் மிச்சமாகும். அந்த 20 கிலோவின் விலை, நூறு கோழிகளுக்கும் வாங்கவேண்டிய துணைச்சத்தின் விலையிலும் அதிகமாயின் அது வாங்கத்தக்கது, இல்லையேல் விடத்தக்கது. ஒருமுறை கண்ட வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாமாதலால், அடுத்த தொகுதியிலும் சோதித்தபின் முடிவு செய்க.

10. நினைவிற் கொள்ளவேண்டியவை

(1) முதல் மூன்று வாரங்களுக்குத் தொடக்கத் தீனுடன் எதனையும் கலவாதிருக்க.
(2) தவிடு புதியதாகவும் உமி நீங்கியதாகவும் இருக்க. கையில் எடுத்து ஊதினால் உமி பறந்து காட்டிக்கொடுக்கும்.
(3) தீனில் எது குறைகின்றதென அறிந்து, அதனையே சேர்க்க.
(4) பூசணம் பிடித்ததையும் காறலெடுத்ததையும் கழிக்க.
(5) நுண்ணுயிர்க்கொல்லியை நோய்க்கன்றி வளர்ச்சிக்குக் கொடாதிருக்க.
(6) வாரந்தோறும் நிறுத்து எழுதுக.

விதைநெல்லைத் தேர்ந்து, நீரை அளந்து, உரத்தைப் பருவமறிந்து இடும் கமக்காரருக்கு இவை புதியனவல்ல. வயலிற் காட்டும் அதே கவனத்தைக் கோழிக் கொட்டிலிலும் காட்டின், போத்தலுக்குச் செலவான பணம் வீட்டிலேயே தங்கும். குஞ்சுகளிற் சந்தேகமான குறிகள் கண்டவிடத்து, அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை பெறுக.